கண்ணாடிச் சக்கரமும் என் வீட்டுக்காரரும்

என் வீட்டுக்காரர் கோதண்டபாணிக்கு வாய் நீளம். செவிலிமேட்டில் ரேடியோ ரிப்பேர் கடை. "கரண்டு ஓடுற எதுவும் எங்கிட்ட வாலாட்டாது" என்பார். எங்கள் வீட்டு ரேடியோ மட்டும் இரண்டு வருஷமாகப் பாடவில்லை. அதைக் கேட்டால் கோபம் வந்துவிடும்.

எழுபத்து நாலில், ஆயுத பூஜை முடிந்த வாரம், பிள்ளையார்பாளையம் கமலவேணி அக்கா இவரைக் கூப்பிட ஆள் அனுப்பினார். கணவர் போனபின் சேலையின் நீளவாட்டு இழைகளைப் பாவாக ஓட்டும், மில் ஒன்று கழித்துப் போட்ட மெஷினை வாங்கிப் போட்டு, தறிக்காரர்களுக்குப் பாவு ஓட்டித் தந்து பிழைத்தவர் அவர். பூஜைக்குப் பிறகு மெஷின் கணக்குத் தப்பியது. பதினெட்டு கஜம் வைத்தால் இருபது ஓடியது. எடை போட்டுக் கொடுத்த பட்டு நீளத்துக்கே போய்விட, அகலத்துக்குப் போதவில்லை. தறிக்காரர் சபாபதி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

"நாளைக்குக் காலைல இன்னொருவாட்டி பாக்குறேன்மா. அப்பவும் தப்புச்சுன்னா நாங்க பழையபடி தெருவுலயே ஓட்டிக்கிறோம்."

அவர் போனால் தெருவே பின்னால் போகும். மெஷின் காயலான் கடைக்குத்தான்.

என் வீட்டுக்காரர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லையே என்று தூக்கோடு நானே அக்கா வீட்டுக்குப் போனேன். மெஷினோடு இருந்த ஒரு தகர டப்பாவைத் திறந்து வைத்து முழித்துக்கொண்டிருந்தார். உள்ளே உள்ளங்கைகூட இராத கண்ணாடிச் சக்கரம், ஓரமெல்லாம் பொடிப்பொடியாகக் கறுப்புக் கோடுகள். ஒரு பக்கம் குட்டி பல்பு, எதிரே வெளிச்சத்தைப் பார்க்கும் கண். சக்கரம் சுற்றினால் கோடுகள் வெளிச்சத்தை விட்டு விட்டு மறைக்கும். அந்த மினுக்கலை எண்ணித்தான் மெஷின் நீளம் சொல்லும். பல்பை மாற்றியாயிற்று, கண்ணை மாற்றியாயிற்று, ஒயரையும் பற்றவைத்தாயிற்று. அப்போதும் இருபதுதான்.

எனக்கு எரிச்சல் வந்தது. "இன்னாங்க, சோறு ஆறுது. எத்தினி வாட்டிதான் அதே தப்பைப் பாத்துக்கினு இருப்பீங்க?"

அவர் நிமிர்ந்தார். "அதே தப்பு! அடியே, ஒயர் லூசுன்னா ஒருவாட்டி பத்தொம்பது, ஒருவாட்டி இருவத்திரெண்டுன்னு தாறுமாறா வரும். இது எப்பவும் இருவது. அப்போ சுத்துற சாமான்லதான் கோளாறு!"

டப்பா வாயில் சக்கரத்தின் ஒரு துண்டுதான் தெரியும். விரலால் மெல்லத் திருப்பினார். கீழே மறைந்திருந்த ஓரம் மேலே வந்தது. அங்கே நாலணாக் காசு அகலத்துக்குக் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம்!

"அக்கா, இன்னா இது?" என்றார்.

கமலவேணி அக்கா கன்னத்தில் கை வைத்தார். "ஐயையோ! சோறு போடுற சாமானாச்சே, பொட்டு வைக்காம இருப்பேனா? முன்னாடி வெச்சா வெளிச்சத்தை மறைக்குமேன்னு பின்பக்கமாப் பாத்து வெச்சேம்பா!"

"பொட்டு மறைச்ச கோடெல்லாம் கணக்குல வரல, அதான் ரெண்டு கஜம் கூட ஓடிச்சு. கண்ணாடிக்கு முன்பக்கம் ஏது, பின்பக்கம் ஏது?" என்றார் என் வீட்டுக்காரர்.

மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். என் முந்தானையை நனைத்து என் வீட்டுக்காரர் பொட்டை மெல்லத் துடைத்தார். மறுநாள் சபாபதி தன் கையாலேயே கஜக்கோல் வைத்து அளந்தார். பதினெட்டு.

"சரியா இருக்குதும்மா. நம்ம தெருப் பாவெல்லாம் இனி இங்கதான்" என்றார். அக்கா அழுதே விட்டார்.

அடுத்த ஆயுத பூஜைக்கு என் வீட்டுக்காரர் விடிந்ததுமே போய் டப்பாவை மறைத்துக்கொண்டு நின்றார். அக்கா சந்தனக் கிண்ணத்தோடு வந்தார்.

"இதுக்கு மட்டும் வேணாங்கா!"

"இதுக்கு வைக்கலப்பா" என்று என் வீட்டுக்காரர் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். "எங்க வீட்ல உலை கொதிக்குறது உன்னாலதானே."

அவ்வளவு பேசுகிற மனிதர் அக்காவைக் கையெடுத்துக் கும்பிட்டார். ராத்திரி வரை முகம் கழுவவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.