கதவைத் தொடாத மச்சினன்

என் மனைவியின் தம்பியை எல்லோரும் சூறாவளி என்றுதான் கூப்பிடுவார்கள். லாரி ஓட்டியவன். சாப்பிட உட்கார்ந்தால்கூடக் கால் ஆடிக்கொண்டே இருக்கும். லாரிகள் நிறுத்தும் இடத்தில் ஒரு தகராறு. கையில் இருந்த ஜாக்கிக் கம்பியை வீசினான். எதிரே நின்ற ஆள் எழுந்திருக்கவே இல்லை. குடித்திருந்தான், அந்த ஆள்தான் முதலில் அடித்தார் என்றெல்லாம் நான் சாக்குச் சொல்ல மாட்டேன். செத்தவருக்கும் ஒரு வீடு இருந்தது. இவன் மாமியார் வீட்டுக்குப் போய் ஒன்பது வருடம் இருந்தான்.

மிச்சத் தண்டனையை வெளியே கழிக்கலாம் என்று விட்டார்கள். சும்மா விடவில்லை. எங்கள் வீட்டில்தான் தங்க வேண்டும். வேலை கிடைக்கும்வரை பகலில் வெளியே போகக் கூடாது. நன்னடத்தை அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்ப்பார். ஆள் இல்லையென்றால் முதல் தடவை எச்சரிக்கை, அடுத்த தடவை மறுபடியும் உள்ளே. இதற்கெல்லாம் சம்மதம் என்று நானும் கையெழுத்துப் போட்டேன்.

ஆனால் வந்தவன் சூறாவளி இல்லை. உட்காரச் சொன்னால் உட்கார்ந்தான். எழுந்திருக்கச் சொல்லும்வரை உட்கார்ந்தே இருந்தான். கால் மட்டும் பழையபடி ஆடியது. காலையில் குளியலறைக் கதவுக்கு முன்னால் துண்டும் கையுமாக நிற்பான். யாராவது திறந்துவிட்டால்தான் உள்ளே போவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் தச்சன், இந்தத் தெருவில் பாதிக் கதவுகள் என் கை பட்டவை. துரைக்குக் கதவு திறக்கத் தனி ஆள் வைக்கட்டுமா என்று ஒருநாள் கேட்டும்விட்டேன். அவன் அசடு வழியச் சிரித்தான். சோம்பேறித்தனம் என்று முடிவு கட்டிவிட்டேன்.

நான் ஒரு கட்டடத்தில் ஜன்னல் மாட்டப் போயிருந்தேன்; மனைவி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலையாக இருந்தாள். அன்றைக்குப் பார்த்து அதிகாரி வந்தார். தட்டினார், பலமாகத் தட்டினார், போய்விட்டார். பிறகு மனைவிக்குப் போன் செய்து, உங்கள் தம்பி வீட்டில் இல்லை, இது எச்சரிக்கை என்றார்.

நாங்கள் அடித்துப் பிடித்து ஓடி வந்தோம். அவன் சமையலறையில் இருந்தான்.

"எங்கடா ஊர் சுத்தப் போன?" என்றாள் மனைவி.

"எங்கயும் போகலக்கா. கதவத் தட்டினாங்க. நின்னேன்."

"எங்க நின்ன?"

நின்று காட்டினான். கடைசிச் சுவரில் முதுகை ஒட்டி, இரண்டு கைகளையும் முன்னால் தெரிகிற மாதிரி நீட்டி, வாயை இறுக மூடிக்கொண்டு. உள்ளே அதுதான் முறையாம். கதவில் சத்தம் கேட்டால் பின்சுவருக்குப் போய்விட வேண்டும், கதவுப் பக்கம் வந்தவனுக்கு அடி. அங்கே தாழ்ப்பாள் எப்போதும் வெளிப்பக்கம். ஒன்பது வருடமாக அவன் ஒரு கதவைத் தன் கையால் திறந்ததே இல்லை. மனைவி அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். துரை என்று நான் கேலி செய்தது நினைவுக்கு வர, முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அதிகாரியிடம் போய்ச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார், நம்பவும் செய்தார். ஆனால் ஆளைக் கண்ணால் பார்க்காமல் இருக்கிறார் என்று எழுத முடியாது, அடுத்த தடவையும் இப்படியானால் தன் கையில் ஒன்றுமில்லை என்றார்.

அதற்குப் பிறகு வீட்டில் யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. நான் வெளியே போய்த் தட்டுவேன், உள்ளே காலடிச் சத்தம் பின்னால் போகும். மனைவி கெஞ்சினாள். நான் கத்தினேன், கத்தியதும் இன்னும் வேகமாகச் சுவருக்குப் போனான். மாறி மாறி லீவு போட்டுக் காவல் இருந்தோம். எத்தனை நாளைக்கு முடியும்? தெருவில் ஒரு ஸ்கூட்டர் நின்றால், அதிகாரியோ என்று ஜன்னலுக்கு ஓடினோம். கதவைத் திறந்தே வைத்துப் பார்த்தோம், அது இன்னும் மோசம். திறந்த கதவென்றால் யாரோ சோதனை போட வருகிறார்கள் என்று அர்த்தமாம். பகல் முழுக்கச் சுவரோரம் நின்று கால் வீங்கிப் போனான்.

ஒருநாள் காலையில் எனக்குப் பொறுமை எல்லை மீறிவிட்டது. வாசல் கதவுக் கீல்களின் திருகாணிகளைக் கழற்றினேன். கதவை அப்படியே பெயர்த்துத் தூக்கிக் கூடத்துச் சுவரில் சாய்த்தேன். தச்சன் வீட்டுக்கே கதவில்லை என்று தெருவே சிரித்தது. சிரிக்கட்டும், எனக்கென்ன.

அவன் வெறும் வாசல் நிலையை வெகுநேரம் பார்த்தான். பிறகு மெல்ல வந்து அதைத் தடவினான். வாசற்படியில் உட்கார்ந்தான். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

அதிகாரி வந்தபோது தட்டுவதற்கு ஒன்றுமில்லை. அவன் எழுந்து, "வாங்க மேடம், உள்ள வாங்க" என்றான். அவர் சாய்த்து வைத்த கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"இந்தத் தடவ சரி," என்றார். "ஆனா கதவில்லாத வீட்ல எத்தன நாளு இருப்பீங்க? மாட்டிருங்க. நான் மறுபடி வருவேன். வந்து தட்டுவேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தலைக்கு மேல் தொங்கிய கத்தியை இறக்கிய கையோடு திரும்பத் தொங்கவிட்டால் எப்படி? மாட்ட முடியாது என்றேன். மனைவியும் என் பக்கம்தான். அவன்தான் கேட்கவில்லை.

"மாட்டிரலாம் மாமா. அக்கா பாவம், தூக்கமில்லாம வேலைக்குப் போறா. நான் பிடிச்சுக்கறேன்."

அவன் கதவைத் தாங்கிப் பிடிக்க, நான் முடுக்கினேன். தாழ்ப்பாளை மட்டும் தானே பொருத்துவதாகச் சொன்னான். உள்பக்கம் கோணலாகப் பொருத்தினான். இழுத்தால் கிறீச்சென்று கத்தியது. சரிசெய்ய வந்த என்னைத் தடுத்துவிட்டு, இழுத்தும் தள்ளியும் பார்த்துக்கொண்டே இருந்தான். ஆனால் நான் வெளியே போய்த் தட்டியபோது மறுபடியும் காலடி பின்னால்தான் போனது.

அடுத்த வாரம் எதிர்ப்பக்கத்து என் பட்டறையில் இழைப்புளி போட்டுக்கொண்டிருந்தேன். ஸ்கூட்டர் வந்து நின்றது. நான் குறுக்கே ஓடினேன். அதிகாரி கையைக் காட்டி என்னை நடுத்தெருவிலேயே நிறுத்திவிட்டார். கதவைத் தட்டினார்.

சத்தமே இல்லை. சுவருக்குப் போய்விட்டான், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அதிகாரி மறுபடி தட்டவில்லை, போகவும் இல்லை. அப்படியே நின்றார்.

பிறகு உள்ளேயிருந்து, கதவுக்கு மிக அருகில், அவன் குரல் கேட்டது.

"யாரு?"

சுவரோரம் நிற்கிறவன் அதைக் கேட்பதில்லை. வீட்டு ஆள்தான் கேட்பான். நடுத்தெரு என்றும் பாராமல் நான் அழுதேன். அதிகாரி தன் பெயரைச் சொன்னார். தாழ்ப்பாள் கிறீச்சென்று கத்தியது.