எட்டு விசில்

கல்யாணத்துக்கு நான் வரதட்சணை எதுவும் வாங்கவில்லை என்று இன்றும் பெருமையடித்துக்கொள்வேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். மாமியார் வீட்டுக்கு முதன்முதலாக விருந்துக்குப் போனபோது அரைக் குதிரைத்திறன் மோட்டார் ஒன்றைத் துடைத்துப் பளபளப்பாக்கி, சாக்கில் சுற்றித் தோளில் தூக்கிக்கொண்டு போனேன். மோட்டாருக்குச் செம்புக்கம்பியில் காயில் கட்டுவதுதான் என் தொழில். பூக்கடைக்காரன் பூ கொண்டு போவதில்லையா, அது மாதிரி.

மனைவியின் ஊர் இராஜாக்கமங்கலத்துக்குத் தெற்கே ஒரு மணல்திட்டு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காயல், நடுவில் நாற்பது வீடும் சிலுவை நிற்கும் ஒரு குருசடியும் ஒரு கிணறும். மழைக்காலத்தில் பொழி என்கிற மணல்தடுப்பு உடைந்து காயல் கடலோடு கலந்துவிட்டால் வள்ளம் இல்லாமல் அங்கிருந்து வெளியே வர முடியாது. துருத்து என்றுதான் அதைச் சொல்வார்கள். குழாய் ஒன்றும் உண்டு. பெரும்பாலும் காற்றைத்தான் தள்ளும். குடிக்க, சமைக்க எல்லாவற்றுக்கும் அந்தக் கிணறுதான்.

சாக்கைப் பிரித்தேன். சுற்றி நின்றவர்கள் மோட்டாரைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், பிறகு சிரிக்க ஆரம்பித்தார்கள். மனைவியின் அக்கா, எனக்கு மைனி, அவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"கொள்ளாம் மாப்ள. ஆனா ஒம்ம பருப்பு இங்க வேகாது, கேட்டீரா."

எனக்கு முகம் தொங்கிவிட்டது. மைனி பிறகு விளக்கிச் சொன்னார். மணலுக்கு அடியில் முழுக்க உப்புத் தண்ணீர். பெய்த மழை மட்டும் அதற்கு மேலே மெல்லிய ஏடாகத் தங்கி நிற்கிறது. பாலாடையை வழிப்பது போல மெதுவாக எடுத்தால் நல்ல தண்ணீர் வரும். அவசரப்பட்டு இழுத்தால் அடியில் இருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். ஏறினால் இறங்க ஒரு மழைக்காலம் வேண்டும். அதனால் அந்தக் கிணற்றில் மோட்டார் கூடாது. கயிறும் சின்ன வாளியும்தான். வீட்டுக்குக் காலையில் நாலு குடம், சாயங்காலம் நாலு குடம்.

எப்போது நிறுத்துவது என்பதை மைனியின் நாக்கு முடிவு செய்யும். காலையில் முதல் வாளியில் ஒரு கை அள்ளிக் குடிப்பார். பாதியில் இன்னொரு கை. துளி கரிப்பு தட்டினால் போதும், "மதி" என்பார். போதும் என்று அர்த்தம். உடனே கயிற்றை விட்டுவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள், பாதிக் குடத்தோடு நிற்பவர்களும்கூட. எதிர்த்து ஒரு வார்த்தை வராது. அக்கரைச் சந்தியில் டீ குடித்தால் டீக்கடைக்காரர் எந்தக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினார் என்று சொல்லக்கூடிய நாக்கு அது. கடைக்காரரே இரண்டு முறை பந்தயம் கட்டித் தோற்றிருக்கிறார்.

நான் சுசீந்திரத்துக்காரன். எங்கள் வீட்டுப் பின்னால் வாய்க்கால் ஓடும். குளிக்கப் போனால் தண்ணீர் தீர்ந்துவிடுமோ என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அப்படிப்பட்டவன், மனைவிக்கு அங்கே அங்கன்வாடியில் வேலை என்பதால், ஒரு வாளியில் குளிக்கும் வீட்டோடு மாப்பிள்ளை ஆனேன். ஊரே என்னை 'மோட்டார் மாப்ள' என்றது. நான் கட்டிய மோட்டார்கள் மாவட்டம் முழுக்க ஓடின, நான் குடியிருந்த இடத்தைத் தவிர.

ஒரே ஒரு விஷயத்தில்தான் நான் அந்த ஊரோடு ஒத்துப்போகவில்லை. அங்கே மூன்று வேளையும் மீன். எனக்கு வாரத்தில் ஒருநாளாவது பருப்பும் நெய்யும் பப்படமும் வேண்டும். சனிக்கிழமை மதியம் குக்கர் எனக்கு என்று ஏற்பாடு. மூன்று விசிலில் இறக்கினால் பருப்பு வெண்ணெயாக மசியும்.

கொரோனா துருத்துக்குள்ளும் வந்தது. ஒரு வீட்டைக்கூட விட்டுவைக்கவில்லை. நல்லவேளையாக எல்லோரும் தேறிவிட்டார்கள். நானும் பத்து நாள் படுத்து எழுந்தேன். எழுந்த பிறகு காப்பி ஒரு மாதிரி இருந்தது, கஞ்சி ஒரு மாதிரி இருந்தது. நாக்கு கெட்டுவிட்டது, போகப் போகச் சரியாகும் என்று விட்டுவிட்டேன். மைனியும் காய்ச்சலிலிருந்து எழுந்து கிணற்றுக்கு வந்துவிட்டார். கை அள்ளிக் குடித்து, "நல்ல தண்ணி, எடுங்கோ" என்றார். முன்பெல்லாம் வாரத்துக்கு இரண்டு முறையாவது வரும் "மதி" வரவே இல்லை. இந்த வருஷம் கிணற்றுக்கு நல்ல காலம் என்று ஊரே சந்தோஷப்பட்டது.

நாக்கு சரியாகட்டும் என்று ஒரு மாதம் பருப்பு வேண்டாம் என்றிருந்தேன். மறுபடி குக்கர் வைத்த சனிக்கிழமை மூன்று விசிலுக்குப் பருப்பு வேகவில்லை. ஐந்துக்கும் வேகவில்லை. எட்டு விசில் வைத்துத் திறந்தால் சரளைக்கல் மாதிரி தனித்தனியாகக் கிடக்கிறது. எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. மிச்சப் பருப்பைப் பையோடு எடுத்துக்கொண்டு சந்தியில் இருக்கும் பலசரக்குக் கடைக்குப் போய்ச் சண்டைக்கு நின்றேன். கடைக்காரர் பதறவில்லை. பையிலிருந்து ஒரு கை அள்ளி, கடைக்குப் பின்னால் இருந்த தன் வீட்டுக்கு அனுப்பினார். கால் மணி நேரத்தில் ஒரு கிண்ணம் வந்தது. பருப்பு குழைந்திருந்தது.

"எனக்க பருப்புல குத்தம் இல்ல. ஒமக்க தண்ணியப் போய்ப் பாரும்" என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு அந்தக் கஞ்சியின் 'ஒரு மாதிரி'தான் ஞாபகம் வந்தது. கெட்டது என் நாக்கு இல்லை. கிணறு. அப்படியென்றால் மைனி?

நேராகக் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் ஒரு வேலை செய்தேன். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. ஒரு தம்ளரில் கிணற்றுத் தண்ணீர், இன்னொரு தம்ளரில் அதே தண்ணீரோடு ஒரு கரண்டி உப்பு. இரண்டையும் மைனி முன்னால் வைத்து, எது நல்ல தண்ணீர் என்றேன். இரண்டையும் குடித்தார். முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை.

"ரெண்டும் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

என் முகமே அவருக்குச் சொல்லியிருக்கும். மெல்ல உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு மாசமா ஒண்ணும் தெரியல்ல மாப்ள. மீனும் மண்ணும் ஒண்ணு போல இருக்கு. இன்னைக்கு வரும், நாளைக்கு வரும்னு இருந்தேன். ஆளுக எல்லாம் எனக்க வாயைப் பாத்துட்டு நிக்கும்போ எப்படிச் சொல்லதுக்கு?"

ஒரு மனுஷியை இப்படிச் சோதித்துவிட்டோமே என்று தம்ளர்களை எடுத்து மறைத்தேன். நான் யாரிடமும் சொல்ல மாட்டேன், காரணம் வேறு ஏதாவது சொல்லிக் கிணற்றை மூடச் செய்யலாம் என்றேன். மைனி எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வேண்டாம். கெடுத்தது நான். நானே சொல்லுதேன்" என்றார்.

அன்று சாயங்காலம் கிணற்றடியில் கூட்டம் கூடியபோது, மைனி தண்ணீரில் கை வைக்கவில்லை. "கயிறு போடாதீங்கோ மக்கா. கிணறு கரிக்குது. எனக்க நாக்கு செத்துப் போச்சு, நான் மறைச்சுப்போட்டேன்" என்றார். யாராவது ஏசினால் என்ன செய்வது என்று மைனிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அப்போது பின்னாலிருந்து ஒரு வலைக்காரர் சந்தேகமாகக் கேட்டார்.

"அப்போ... எனக்க நாக்குக்கு ஒண்ணும் இல்லியா?"

அவ்வளவுதான், கூட்டம் வெடித்தது. "ஏலே, நானும் அப்படித்தான் நினைச்சேன்" என்றார் ஒருவர். "நான் ஆஸ்பத்திரிக்கே போயிட்டு வந்தேனே" என்றார் இன்னொருவர். நாற்பது வீடும் ஒரு மாதமாக உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, அவரவர் நாக்கைத்தான் சந்தேகப்பட்டிருக்கிறது. மைனியின் நாக்கை ஒருவரும் சந்தேகப்படவில்லை. சிரித்துச் சிரித்துச் சிலர் மணலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியில் மைனியும் சிரித்தார், அழுகையோடு.

கிணற்றைப் பலகை போட்டு மூடினோம். அக்கரையிலிருந்து வள்ளத்தில் தண்ணீர் கொண்டு வந்தோம். வள்ளம் தள்ளியதில் என் தொப்பை கொஞ்சம் இறங்கியது என்று மனைவிக்கு மகிழ்ச்சி. வைகாசி பாதியில் இடவப்பாதி மழை வந்து கொட்டு கொட்டென்று கொட்டியது. மழை விட்டதும் பலகையை எடுக்கலாமா என்று கேள்வி வந்தது. யார் நாக்கை நம்புவது? ஆளுக்கொரு ருசி சொன்னார்கள். அப்போது நான்தான், "பருப்புக்கு நாக்கு கிடையாது, பொய் சொல்லவும் தெரியாது" என்றேன். சின்னக் குக்கரில் ஒரு கைப் பருப்பு, கிணற்றுத் தண்ணீர், மூன்று விசில். மைனி ஒரு மணியை விரலால் நசுக்கினார். நசுங்கியது. ஊரே கை தட்டியது.

அதிலிருந்து தினமும் காலையில் என் பருப்பு வெந்த பிறகுதான் கயிறு இறங்கும். நசுக்கிப் பார்ப்பது மைனியின் விரல். அந்த மரியாதையை யாரும் அவரிடமிருந்து எடுக்க நினைக்கவில்லை. ஆனால் தண்ணீரை வாயில் வைக்கும்போதெல்லாம் அவர் கண் ஒரு நொடி காத்திருக்கும், பிறகு தாழும். அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

அடுத்த கோடை. மாசி மாதம், ஒரு காலை. பருப்பு மூன்று விசிலில் வெந்துவிட்டது. கயிறுகள் இறங்கிக்கொண்டிருந்தன. மைனி முகம் கழுவிவிட்டு ஏதோ ஞாபகத்தில் ஒரு கை அள்ளிக் குடித்தார். குடித்தவர் அப்படியே நின்றார். இன்னொரு கை அள்ளினார். துப்பினார்.

"கரிக்குது" என்றார், மெதுவாக. பிறகு சத்தமாக, "ஏட்டி, கரிக்குது! மதி! மதி!"

நான் ஓடிப்போய்க் குடித்துப் பார்த்தேன். இனித்தது. "மைனி, பருப்பு நல்லா வெந்திருக்கே" என்றேன்.

"பருப்பு நாளைக்குச் சொல்லும் மாப்ள. நான் இன்னைக்கே சொல்லுதேன்."

நாற்பது கயிறும் நின்றன. தண்ணீர் கிடையாது என்ற செய்தியைக் கேட்டு ஓர் ஊர் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. பெண்கள் மைனியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். காலிக் குடத்தைத் தட்டிக்கொண்டே ஒருவர் வீட்டுக்குப் போனார்.

மறுநாள் குக்கர் வைத்தேன். மூன்று விசில், ஐந்து, எட்டு. பருப்பு வேகவில்லை. உப்புப் போட்டுத் தாளித்து, அப்படியே ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு மைனியிடம் ஓடினேன். ஒரு வாய் போட்டு, நறநறவென்று மென்று, கண்ணை மூடிக்கொண்டார்.

"வேகல்ல மாப்ள. உப்பும் கூடுதல்" என்று சொல்லிவிட்டு, தட்டைத் திருப்பித் தராமல் முழுக்கத் தின்று முடித்தார்.