ஒலிபெருக்கி ஓய்ந்த ஒரு மணித்தியாலம்

வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று கண்டியில் கிளை திறந்து பொறியியலாளர்களை எடுக்கிறது என்று மகள் சொன்னாள். எனக்கு விளங்கியது ஒன்றுதான். அது கிடைத்தால் அவள் கொழும்பில் அறை தேடவேண்டாம். நாவலப்பிட்டியிலிருந்தே பஸ்ஸில் போய் வரலாம். பேராதனையில் படித்து முடித்ததிலிருந்து வேலை தேடிக்கொண்டிருந்தாள்.

இன்டர்வியூ வீட்டிலேயே, கணினி வழியாக, காலை பத்து மணிக்கு. அன்று அம்மன் கோயில் திருவிழாவின் முதல் நாள். ஒலிபெருக்கி ஒன்றைப் பாலத்தடியில் இருக்கிற எங்கள் வீட்டுக் கூரையைப் பார்த்தே கட்டியிருந்தார்கள். விடிந்ததும் பாட்டுத் தொடங்கிவிட்டது.

மனைவி என்னைப் பார்த்தாள். கடையில் காய்ந்துபோன பாண் ரொட்டியைத் தந்தாலும் பேசாமல் வாங்கிக்கொண்டு வருகிறவன் நான். சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

கோயில் தலைவரைச் சுற்றி ஆட்கள். அவர்கள் கலையட்டும் என்று தூணருகே நின்றேன். கலைவதாக இல்லை. உள்ளே புகுந்து விஷயத்தைச் சொன்னேன்.

"என்னண்ணே, அம்மனுக்கே லீவு குடுக்கச் சொல்றீங்களா?" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

"ஒரு மணித்தியாலந்தான். நிப்பாட்டுற வரைக்கும் நான் இங்கதான் நிப்பேன்."

தலைவர் சரி என்றார்.

நான் வீடு வந்து சேரப் பாட்டு நின்றது. மகள் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் பேசத் தொடங்கிய பிறகு ஒலிபெருக்கி செருமியது.

"பக்த அடியார்களுக்கு ஓர் அறிவித்தல். பாலத்தடி வீட்டுத் தங்கச்சிக்கு வெளிநாட்டுக் கம்பெனி இன்டர்வியூ நடக்கிறபடியால், தயவுசெய்து யாரும் சத்தம் போடவேண்டாம்."

எங்கள் கோயிலில் எந்த அறிவித்தலையும் மூன்று தடவை சொல்வார்கள். இதையும் சொன்னார்கள். நான் வீட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அது கணினியில் அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கும் கேட்டதாம். என்ன சத்தம் என்று விசாரித்தார்களாம். மகள் ஆங்கிலத்தில் அப்படியே சொல்ல, சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்களாம்.

மறுநாள் மின்னஞ்சல் வந்தது. இரண்டாவது இன்டர்வியூவுக்கு அழைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை, அதே பத்து மணி.

"அன்னைக்குத் தேர்ப்பா," என்றாள் மகள்.

தேர் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகும், தப்பு மேளமும் பட்டாசுமாக. அதற்குள் முகம் தெரியாதவர்கள்கூட என்னைத் தெருவில் நிறுத்தி, இன்டர்வியூ என்னாச்சு என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள். தலையைக் குனிந்துகொண்டு கோயிலுக்கு நடந்தேன். தேர் பதினொரு மணிக்குப் பிறகு எங்கள் பக்கம் வரட்டும் என்று தலைவரிடம் கேட்டேன். அவர் ஒத்துக்கொள்ளும்வரை அங்கேயே நின்றேன். பிறகு மைக் பிடிக்கிறவரைத் தேடிப்போய், இந்தமுறை அறிவித்தல் வேண்டாம் என்றேன்.