பதின்மூன்று செவ்வாய்க்கு ஒரு பல்பு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் விலைவாசி ஏறியபோது, காரைக்குடிப் பக்கம் எங்கள் பேரூராட்சியில் தெருவிளக்குக்குப் புது பல்பு வாங்கப் பணமில்லை. இருந்த சில பல்புகளை, எந்தத் தெருவில் திருவிழாவோ அங்கே கொண்டுபோய் மாட்டினார் லைட்டுக்காரர். நெற்றி நிறையத் திருநீறு பூசியிருப்பார். சைக்கிளில் ஏணி, துண்டில் பச்சைப்பிள்ளைபோல் சுற்றிய பல்பு.

இருட்டில் என் மனைவி சாக்கடையில் விழுந்து கால் பிசகியதும் அவரிடம் போனேன்.

"அண்ணே, எங்க தெருவுக்கு ஒண்ணு மாட்டுங்க."

"உங்க தெருவுல சாமி ஏதும் இல்லையே. தலைவர் வைவாரு."

"மாதா படம் வச்சு நவநாள் சொல்றோம்."

"ஒம்பது நாள்ல கழட்டணுமே. அந்தோனியாருக்குப் பதிமூணு செவ்வாய் கும்புடுவீகல்ல, அதை வைங்க. மூணு மாசம் ஓடிரும்."

வைத்தோம், விளக்கும் எரிந்தது. பதின்மூன்றாவது செவ்வாயன்று ஏணியோடு வந்துவிட்டார். என் மனைவி செபத்தை இழுத்து இழுத்துச் சொன்னாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றார். முடிந்ததும் கேட்டார்:

"அடுத்து எந்தப் புனிதருக்கு வைக்கிறீக?"

"சூசையப்பருக்கு" என்றேன். பல்பைத் தொடாமல் ஏணியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

இன்றும் செபமாலையில் அவருக்காக ஓர் அருள்நிறை மந்திரம் கூடுதலாகச் சொல்கிறேன். பெயரைக் கேட்காமல் விட்டது என் தப்பு. ஆண்டவரிடம் 'அந்த லைட்டுக்காரர்' என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.