கோலப்பன் வீட்டை விட்டுப் போன காரணம்

வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து வேலை தேடித் திருவனந்தபுரம் வந்த கோலப்பனுக்கு முதலில் கிடைத்தது சப்ளையர் வேலை. பழவங்காடியில் ஞானையன் நடத்திய சின்ன ஹோட்டல். மேசைக்கு முன்னால் போய் "என்ன வேணும்?" என்று கேட்பதற்குள் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். யாராவது நிமிர்ந்து பார்த்துவிட்டால், கேட்டது மறந்து வேறெதையோ கொண்டு வந்து வைப்பார். ஒருநாள் ஒரு வக்கீலின் வெள்ளைச் சட்டையில் சாம்பாரைக் கொட்டிவிட்டு, மன்னிப்புக் கேட்கவும் வாய் வராமல் நின்றார். ஞானையன் திட்டவில்லை. "நீ உள்ள போயி தோசைக்கல்லுல நில்லுடே" என்றார். அன்று அடுப்படிக்குப் போனவர் பிறகு மேசைப் பக்கம் வரவேயில்லை.

மனைவி சுடலைமாடத்திக்கு எங்கும் எதற்கும் கூச்சம் கிடையாது. ரேஷன் கடை, வீட்டுக்காரர், சொந்தக்காரர் கல்யாணம் எல்லாவற்றுக்கும் அவள்தான். கோலப்பன் கல்யாண வீட்டு வாசல்வரை வருவார், கூட்டத்தைப் பார்ப்பார், திரும்பிவிடுவார். திமிர் பிடித்த ஆள் என்று ஊரில் பெயர்.

ஒரே மகள் ஷிஜா. மலையாளப் பள்ளிக்கூடத்தில் நல்ல மார்க் எடுப்பாள். ஆனால் டீச்சர் எழுப்பிக் கேட்டால் தெரிந்த பதிலும் வராது. அழுகையும் வராது, வெறுமனே நிற்பாள். அப்பா பக்கத்தில் இருக்கும்போது மட்டும் அவளுக்கு எந்தச் சிரமமும் இல்லை. மத்தியானம் ஹோட்டலில் கூட்டம் குறைந்ததும் கோலப்பன் வீட்டுக்கு வருவார். விடுமுறை நாட்களில் இருவரும் சுவரில் சாய்ந்து கிரிக்கெட் பார்ப்பார்கள். பேசிக்கொள்ள மாட்டார்கள். பேச வேண்டிய கட்டாயம் இல்லாத ஒரே இடம் இருவருக்கும் அதுதான்.

கம்ப்யூட்டர் படிப்பு முடித்து, 2005இல் கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியின் எழுத்துத் தேர்வில் ஷிஜா பாஸானாள். நேர்முகத் தேர்வில், "உங்களப் பத்திச் சொல்லுங்க" என்றார்கள். சொந்தப் பெயர்கூட வரவில்லை. பையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள். கேட்டுக்கு வெளியே நின்றிருந்த கோலப்பனுக்கு அவள் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் விளங்கியது.

"ஒண்ணும் பறையண்டாம் மோளே. வா, போலாம்."

சுடலைமாடத்தி விடவில்லை. மகளை மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனாள். டாக்டர் மங்கலம் திருவனந்தபுரம் கோட்டைக்குள், அக்ரஹாரத் தெருவில் வளர்ந்த தமிழ்ப் பெண்மணி. இதே பயம் உள்ள குடும்பங்களைப் பற்றி ஓர் ஆராய்ச்சியில் இருந்தார். ஷிஜாவோடு கோலப்பனையும் மூளை ஸ்கேனுக்குக் கேட்டார். கோலப்பன் ஒத்துக்கொண்டது எல்லோருக்கும் ஆச்சரியம். குழாய்க்குள் படுத்துக்கொண்டு, மாறி மாறி வரும் முகங்களின் படங்களைப் பார்க்க வேண்டும். அந்த முகங்கள் அவரைத் திருப்பிப் பார்க்கப் போவதில்லை. அவருக்குக் கஷ்டமாகவே இல்லை.

முடிந்ததும் டாக்டர் பொறுமையாக விளக்கினார்.

"மூளைல பயத்தைக் கிளப்பற இடம் ஒண்ணு இருக்கு. 'பரவால்ல, ஒண்ணுமில்ல'ன்னு அதை அடக்கற இடம் வேற. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசிண்டே இருக்கணும். இந்தப் பயம் இருக்கறவாளுக்கு அந்தப் பேச்சு கொஞ்சம் வேற மாதிரி நடக்கறதோன்னுதான் பாக்கறோம். நிறையப் பேரைச் சேத்துப் பாத்தாதான் தெரியும். உங்க ஒருத்தர் படத்தை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

கோலப்பன் தரையைப் பார்த்தபடியே கேட்டார். "எங்கிட்டேந்துதான் வந்ததா?"

"குடும்பத்துல வரலாம். வந்தே தீரணும்னு இல்லை. ரத்தத்துல வர்றது பாதின்னா, வளர்றப்போ பாத்துப் பழகறதும் உண்டு. பழகினதை மாத்திக்கலாம். அதான் நல்ல விஷயம்."

நம்பிக்கை தரத்தான் அவர் அதைச் சொன்னார். கோலப்பன் எடுத்துக்கொண்டது வேறு. ரத்தத்தை இனி ஒன்றும் செய்ய முடியாது; பார்த்துப் பழகுவதை நிறுத்தலாம்.

அந்த வாரமே துணிமணியை எடுத்துக்கொண்டு, வேலைக்காரர்கள் தங்கும் ஹோட்டல் மாடியறைக்குப் போய்விட்டார். சுடலைமாடத்தி கத்தினாள்.

"ஒமக்கு என்ன கிறுக்கா வே? பொண்ணு ஒத்தையில கெடந்து வாடுதா!"

"என் மூஞ்சியப் பாத்துப் பாத்துத்தானட்டி அவ இப்பிடி ஆனா. நான் கண்ணுல படாம இருந்தா சரியாயிருவா, கேட்டியா."

ஷிஜா மாத்திரை சாப்பிட்டாள். பயம் கொஞ்சம் தணிந்தது. டாக்டர் சொன்ன குழுப் பயிற்சியில் தெரியாதவர்கள் முன்னால் எழுந்து பேச வேண்டும். ஓரிரு முறை போனாள், பிறகு போகவில்லை. டாக்டரும் மாற்றலாகிப் போனார். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் அவளால் நிற்க முடியவில்லை. "கல்யாணம் வேண்டாம்மா. இன்னொண்ணு பொறந்து அதுவும் என்ன மாரி நிக்கணுமா?" என்றாள். அடுத்த தெருவில் ஒரு டிடிபி கடையின் உள்ளறையில் டைப் அடிக்கும் வேலை கிடைத்தது. வீட்டுக்கு வந்தால் டிவியைப் போடுவதில்லை.

ஒரு மத்தியானம் அவள் ஹோட்டலுக்குப் போனாள். சாப்பாட்டு நேரம், எல்லா மேசையும் நிறைந்திருந்தது. அத்தனை கண்களையும் தாண்டிக் கல்லாவுக்குப் போய், மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"அப்பாவப் பாக்கணும். நான் கோலப்பன் மக."

வாழ்நாளில் அவள் தெரியாதவர் ஒருவரிடம் தானாக வாய் திறந்து கேட்டது அதுதான். ஞானையன் எழுந்தே விட்டார். "கோலப்பா, ஒனக்க மக வந்திருக்கா!" என்று உள்ளே குரல் கொடுத்தார்.

அடுப்பில் தோசை கருகிக்கொண்டிருந்தது. கோலப்பன் பின்வாசல் வழியாகச் சந்துக்குள் இறங்கிவிட்டிருந்தார். ஞானையன் கொடுத்த டீயை ஷிஜா பாதி குடித்தாள். பிறகு யாரையும் பார்க்காமல் எழுந்து போனாள்.

மறுநாள் அழுக்குத் துணி வாங்க வந்த சுடலைமாடத்தியிடம், கோலப்பன் பல வருடங்களாக இல்லாத உற்சாகத்தோடு பேசினார்.

"பாத்தியாட்டி? தனியா வந்து மொதலாளிகிட்ட நேர வாய் தொறந்து கேட்டிருக்கா. நான் வீட்டுல இருந்திருந்தா நடக்குமா இது?"

சுடலைமாடத்தி துணியை மூட்டை கட்டினாள். ஷிஜா அதன் பிறகு ஹோட்டல் பக்கம் வரவில்லை. கடைக்கும் வீட்டுக்குமாகப் போய் வந்தாள். கோலப்பன் மாடியறையிலேயே இருந்தார், மகள் தேறி வருகிறாள் என்று நம்பிக்கொண்டு.