கல்லைத் தூக்கிய கை

யாரையும் பயமுறுத்த எனக்கு ஆசை இல்லை. என்னையே கேவலமாகக் காட்டும் ஒரு விஷயத்தை நான் எதற்குக் கட்டிச் சொல்லப் போகிறேன்? நடந்தது. படம் என் மடிக்கணினியில் இருக்கிறது. ஓரத்தில் நேரமும் பதிந்திருக்கிறது. மார்ச் 14, மாலை 4.17.

நான் விலங்கியல் எம்.எஸ்சி. எங்கள் லயத்தில், அதாவது எஸ்டேட் லைன் வீடுகளில், முதல் பட்டதாரி. அப்பா காத்தமுத்து தேயிலைச் செடிக்குக் கவாத்து வெட்டுபவர். பட்டமளிப்பு விழாவுக்கு வந்திருந்தார். "யாருடி அது?" என்று ஜெஸிந்தா கேட்டாள். கூடப் படித்தவள். "எஸ்டேட் ஆள். தெரிஞ்சவர்" என்றேன். அப்பா இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தார். காதில் விழுந்தது. தனியாகப் போய் பஸ் ஏறினார்.

இந்த ஜனவரியில் செத்துப் போனார். அடக்கம் ஞாயிற்றுக்கிழமை, போனேன். பதினாறாம் நாள் கருமாதிக்குப் போகவில்லை. லீவு தரமாட்டேன் என்கிறார்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். பொய். நான் கேட்கவே இல்லை. கேட்டால் எந்த ஊர், எந்த லைன் என்று சொல்ல வேண்டிவரும்.

வேலை, மலை ஓடைகளில் மீன் கணக்கெடுப்பு. தண்ணீருக்கு அடியில் படம் எடுப்பவள் நான். எங்கள் குழுத் தலைவர் கீர்த்திவாசன் சார், கோயமுத்தூர்க்காரர். நான் ஊட்டி டவுன் பெண் என்று நம்பிக்கொண்டிருந்தார். நம்ப வைத்தவள் நான்தான்.

மார்ச்சில் கீழ் கோத்தகிரிப் பக்கம் போனோம். ஜீப் நின்ற இடம் எங்கள் எஸ்டேட். இறங்கிய ஓடை எங்கள் லயத்துக்குக் கீழே ஓடுவது. நான் வாயைத் திறக்கவில்லை.

தேடியது ஓர் அயிரை வகை. சுண்டுவிரல் நீளம். மகா கூச்சம். நம் நிழல் பட்டாலே கல்லுக்கடியில் போய் ஒளிந்துகொள்ளும். மூன்று நாளாக ஒரு படம்கூடச் சிக்கவில்லை.

"அயிரைன்னாலே எனக்குக் கொழம்புதாம்மா ஞாபகம் வருது" என்று சார் சிரித்தார். அப்புறம் சிரிக்காமல் சொன்னார். "இன்னிக்கும் படம் இல்லீன்னா உங்க கான்ட்ராக்ட நீட்டிக்கச் சொல்லி என்னால எழுத முடியாது, ராஜப்ரியா. அதுக்காவ கல்லப் பொரட்டிராதீங்க. அடியில முட்டை இருக்கும்."

3.30க்கு இறங்கினேன். இடுப்பளவுத் தண்ணீர். மூச்சுக்குழாயைக் கடித்துக்கொண்டு குப்புற மிதந்தேன். கேமரா இருக்கும் கண்ணாடிப் பெட்டிக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி. ஒரு கையை விட்டால் தண்ணீர் பெட்டியைத் திருப்பிவிடும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என் இரண்டு கையும் கேமராவில்தான் இருந்தன.

3.50. ஒன்றுமில்லை.

4.05. மூடுபனி, எங்கள் பேச்சில் மிஸ்ட், இறங்கியது. கரையில் பாறைமேல் உட்கார்ந்திருந்த சார் மங்கலாகத் தெரிந்தார்.

4.11. ஒரு சத்தம்.

சர்ர்க்... சர்ர்க்...

தலையைத் தூக்கினேன். சத்தம் இல்லை. முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தேன்.

சர்ர்க்... சர்ர்க்...

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். காலை 5.10. வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கூப்பிடுமுன் அப்பா வாசலில் கத்தி தீட்டுவார். அதைக் கேட்டுத்தான் பன்னிரண்டு வருடம் படிக்க எழுந்தேன்.

"சார், மேல யாராச்சும் கத்தி தீட்டறாங்களா?"

"இல்லியேம்மா. குளிர் ஏறிருச்சா? வந்துருங்க."

"அஞ்சு நிமிசம் சார்."

4.16. சத்தம் நின்றது.

எனக்கு நேர் எதிரே ஒரு கல். கறுப்பு. தட்டை.

அதன் ஒரு ஓரம் மெதுவாக... எழும்பியது.

அடியில் ஏழெட்டு அயிரைகள். ஓடவில்லை. எதையோ சுற்றிச் சுற்றி, இடுக்கில் நுழைந்து வந்தன. பழகிய இடம்போல.

அழுத்தினேன். ஒன்பது படம்.

கல் தாழ்ந்தது. யாரோ பார்த்து இறக்கி வைப்பதுபோல.

கரையேறினேன். சார் படத்தைப் பார்த்துத் துள்ளினார். பெரிதாக்கினார். முகம் மாறியது.

"கல்லத் தூக்கினீங்களா?"

"இல்லீங்க சார்."

"அப்ப இது யார் கை?"

பார்த்தேன்.

கல்லின் கீழே நான்கு விரல்கள். விரல் இடுக்கில் மீன்கள். ஆள்காட்டி விரல் மட்டும் ஒரு கணு குட்டை.

நான் நாலாவது படிக்கும்போது கவாத்துக் கத்தி பட்டு அப்பாவுக்குப் போன கணு அது.

"யாருன்னு கேட்டேன்."

வாய் தானாகச் சொன்னது.

"எஸ்டேட் ஆள் சார். தெரிஞ்சவர்."

சார் கரையைச் சுற்றிப் பார்த்தார். "நான் இங்கயேதானே உக்காந்திருந்தேன்..." என்றார். அதற்குமேல் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, அறிக்கைக்குக் கை வேண்டாம், மீன் மட்டும் போதும் என்றார். வெட்டிக் கொடுத்தேன். ஆமாம், தெரிந்துதான் வெட்டினேன். கான்ட்ராக்ட் இரண்டு வருடம் நீண்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் செய்தேன். எங்கள் வழக்கத்தில், செத்தவராக நினைத்து ஒரு கல்லை நட்டுக் கும்பிடுவோம். கருமாதியன்று அதைத் தண்ணீரில் விடுவோம்.

"அப்பா கல்லை எங்கம்மா விட்டீங்க?"

"நம்ம லயத்துக்குக் கீழதான். தினகரன் சித்தப்பா எறங்கி விட்டுச்சு. ஏன் புள்ள, இப்பக் கேக்குற?"

"சும்மாதான். என்ன கல்லு?"

"அவரு கத்தி தீட்டுற கல்லுதான். நடுவுல தேஞ்சு குழியா இருக்குமே, அது."

வெட்டாத படத்தைத் திறந்தேன். கல்லின் நடுவில் குழி இருந்தது. அம்மா தானாகவே பேசிக்கொண்டிருந்தாள்.

"காலையிலயே விட்டிருக்கணும். நீ எப்படியும் வந்துருவன்னு கையில வச்சுக்கிட்டே நின்னோம். மிஸ்ட் எறங்கிருச்சு. சித்தப்பாதான் மணி பாத்துச்சு. நாலு பதினேழு. இனி அவ வரமாட்டான்னுச்சு... அப்புறந்தான் விட்டோம்."