கால் படாத இடம்

முல்லைத்தீவு பஸ்ஸில், ஒட்டுசுட்டானில் ஏறி என் பக்கத்தில் இருந்த அந்த அம்மாவின் பெயரை நான் கேட்கவில்லை. மூக்குக் கண்ணாடியின் உடைந்த பிடியை நூலால் கட்டியிருந்தார். மடியில் பயத்தங்காய்ப் பை. வெடித்த குதிக்கால்களில் வயல் சேறு காய்ந்து கிடந்தது.

காட்டுக்குள் புதுத் தார் றோட்டில் பஸ் பறந்தது. ஒரு வளைவு திரும்பியதும் அவர் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு கால்களையும் மேலே தூக்கினார். ஒரு மதகு தாண்டிய பிறகுதான் இறக்கினார்.

"காலில ஏதும் ஊர்ந்ததோ அம்மா?" என்று குனிந்து பார்த்தேன்.

"இல்லைப் பிள்ளை. சண்டைக்குள்ள ஓடேக்க என்ரை மகனை இதிலதான் குழி வெட்டித் தாட்டனாங்கள். அப்ப இது றோட்டுக்கரை. அடையாளத்துக்கு ஒரு பாலை மரம் நிண்டது. பிறகு றோட்டை அகலமாக்கேக்க மரத்தைத் தறிச்சு, மேலால தாரை ஊத்திப்போட்டினம்."

"நீங்கள் ஒருத்தரிட்டையும் சொல்லேல்லையோ?"

"சொன்னனான். 'சரியா எந்த இடம், காட்டுங்கோ' எண்டவை. மரம் இல்லாமல் என்னெண்டு காட்டுறது? வளைவுக்கும் மதகுக்கும் இடையில எண்டுதான் தெரியும்."

கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

"பஸ் ஓடுறதை மறிக்கேலாது. தாய் மிதிக்கலாமோ?"

முள்ளியவளையில் இறங்கிப் போய்விட்டார்.

பின்னேரம் அதே வழியால் திரும்பினேன். எதிர்ப்பக்கமிருந்து வர, எல்லா வளைவுகளும் ஒரே மாதிரி இருந்தன. கால்களை மடித்து இருக்கைமேல் வைத்துக்கொண்டேன். காடு முடியும்வரை இறக்கவில்லை.